வால் முளைத்த செய்தி

மதியம் ஒரு மணிக்கு என் குரலைக் கேட்காமல் எங்கள் தீவுகளில் யாரும் தட்டில் கை வைப்பதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான்.

சிலோயேவில் எங்கள் சின்ன வானொலி நிலையத்தில் 'செய்தி நேரம்' என்றால் நாட்டு நடப்பு இல்லை. நாட்டு நடப்பு யாருக்கு வேண்டும்? "தோன்யா ப்ருதேன்சியாவுக்கு: மகளுக்கு ஆண் குழந்தை. புதன்கிழமை படகில் வருகிறார்கள். துறைக்குக் குதிரையோடு வந்து நிற்கவும்." இதுதான் செய்தி. கைபேசி எட்டாத தீவுகளுக்கு என் வாய்தான் தபால்காரர். மக்கள் நிலையத்துக்கு வந்து சொல்வார்கள், நான் எழுதிக்கொண்டு வாசிப்பேன். யார் வீட்டில் சண்டை, யார் மாடு தொலைந்தது, யாருக்குப் பல் பிடுங்கினார்கள், எல்லாம் முதலில் எனக்குத் தெரியும். அடுத்த நிமிடம் எல்லோருக்கும் தெரியும்.

ஒரே குறை, ஒரு மணிக்குக் கடலில் இருப்பவர்கள் கேட்க முடியாது. அதற்காக நிலையத்து முதலாளி இவோனைப் பிடித்தார். இவோன் எங்கள் பின்கட்டு அறையில் கடை போட்டிருக்கிறாள். மீன்பிடிப் படகுகளின் கருவிகளை ரிப்பேர் பார்ப்பது அவள் தொழில். நாற்பது வயது, கண்ணாடி, எப்போதும் ஈயப்புகை வாசம். நான் சமைப்பதை ஒருநாள் விடாமல் சாப்பிடுவாள், ஒருநாள்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். அவள் ஒரு பலகை செய்தாள். சிவப்பு விளக்குகளில் எழுத்து ஓடும் பலகை. நான் இங்கே தட்டச்சு செய்தால் ரேடியோ வழியாகப் போய், தீவின் படகுத்துறையில் மேல் வரியில் பெயர், கீழ் வரியில் செய்தி என்று ஓடும். அடுத்த செய்தி வரும்வரை அதுவே சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். முதல் பலகையைத் தைகுவே தீவில் மாட்டினோம்.

எதற்குத் தைகுவே? அங்கேதான் அப்போது செய்திகள் அதிகம். காரணம் ஓத்திலியா.

ஓத்திலியா என் சிநேகிதி. அவள் புருஷன் அபெலார்தோ மீனவர், நல்ல மனுஷர், ஆனால் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிற ரகம். கோடையில் ஓத்திலியா தன் தங்கையின் ஆபரேஷனுக்காக இங்கே எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். அவள் இல்லாத நேரம் பார்த்து மனுஷர் வீட்டையே நகர்த்திவிட்டார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. மரவீட்டுக்கு அடியில் உருட்டுக்கட்டை கொடுத்து, அக்கம்பக்கத்தார் எருதுகளைப் பூட்டி, ஊரே சேர்ந்து இழுத்து வேறு இடத்தில் வைப்போம். இழுத்து முடித்ததும் வந்தவர்களுக்கெல்லாம் விருந்து போடவேண்டும். மேட்டில் இருந்த வீட்டை அபெலார்தோ கரைக்குக் கொண்டுவந்து தன் படகுக்குப் பக்கத்தில் வைத்தார். அலமாரியில் ஒரு கோப்பை உடையவில்லை என்று மார்தட்டிக்கொண்டு துறையில் நின்றார். ஓத்திலியா வந்து பார்த்தாள். அவள் நட்ட ஆப்பிள் மரங்கள் மேலே நிற்கின்றன, வீடு கீழே நிற்கிறது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் தார் பூசிய படகின் வயிறு.

"எங்கிட்டக் கேட்டியா?" என்றாள்.

"உனக்கு ஆச்சரியமா இருக்கட்டுமேன்னு..."

"ஆச்சரியமாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்த படகிலேயே திரும்பி ஏறிவிட்டாள்.

அதிலிருந்து தங்கை வீட்டில் இருக்கிறாள். குளிர்காலம் முழுக்க இருவருக்கும் நடுவில் நான்தான். "கோழிகளுக்குத் தவிடு வாங்கவும்." "வாங்கியாயிற்று." "மழைத்தொட்டியைக் கழுவவும்." "கழுவியாயிற்று." தவிடும் தொட்டியும் ஒரு தீவுக்கூட்டம் முழுக்கக் கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 'வீடு கடலுக்குப் போச்சு, வீட்டுக்காரி டவுனுக்குப் போனா' என்று சந்தையில் பாட்டே கட்டிவிட்டார்கள்.

வசந்தம் தொடங்கிய ஒரு திங்கட்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஓத்திலியா வந்தாள். உட்காரவில்லை. சூடாக மாத்தே பானம் கலந்து கொடுத்தேன், வாங்கவில்லை. ஈரக் குடையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"வெள்ளிக்கிழமை கப்பல்ல தெற்கே புந்தா அரேனாஸ் போறேன். பையன் வரச் சொல்லிட்டான். அங்கேயே தையல் வேலை பாத்துக்கலாம்னு."

எங்கள் ஊர்க்காரர்கள் தெற்கே போவது புதிதில்லை. திரும்பி வருவதுதான் அபூர்வம்.

"அவருக்குத் தெரியுமா?"

"போனப்புறம் தெரிஞ்சாப் போதும். நீ ஏதாவது உளறினே, தெரியும் சேதி. இப்ப இதை எழுதிக்கோ. என் தையல் மெஷினை வியாழக்கிழமை படகில் அனுப்பிவிடவும்."

"அனுப்பிவிடவும்? புருஷனுக்கு எழுதுறியா, நகராட்சிக்கு எழுதுறியா?"

"நகராட்சியாவது ஒரு இடத்தை மாத்துறதுக்கு முன்னாடி நோட்டீஸ் ஒட்டும்."

"கடைசியில ஒரு நல்ல வார்த்தை சேக்கட்டுமா? உடம்பைப் பாத்துக்கோன்னு?"

"அவ்வளவுதான். புள்ளி வச்சு முடி."

வைத்தேன். அவள் எதிரிலேயே தட்டச்சு செய்து, கடைசியில் புள்ளியும் வைத்து, தைகுவேக்கு அனுப்பினேன். அவள் குடையை விரித்துக்கொண்டு போனாள். மெஷின் வந்தால் அவள் போய்விடுவாள். மெஷின் வராமல் இருக்க எந்தப் புனிதரை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய் விடியுமுன் தைகுவேயிலிருந்து கிளம்பி மற்றத் தீவுகளையும் சுற்றிவிட்டு, புதன்கிழமை காலையில் படகோட்டி எலியாசர் வந்தான். அடுப்புக்கு முன்னால் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அக்கா, தோன் அபெலார்தோ பதில் சொல்லி அனுப்பியிருக்காரு, ரேடியோவுல வாசிக்கணுமாம்," என்றான்.

"என்ன பதில்?"

"'நானே வர்றேன். எனக்கும் இறங்கல.' அவ்வளவுதான்."

"என்ன இறங்கல? மழையா?"

"சாப்பாடு அக்கா! ஓத்திலியா அக்கா கேட்டதுக்குத்தானே பதில்."

"அவ மெஷின்தானே கேட்டா?"

எலியாசர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். "மெஷினும் கேட்டாங்க, அவரையும் கேட்டாங்க. திங்கக்கிழமை சாயங்காலம் நானே பலகையில படிச்சேனே. ஆரம்பத்துல ஆபீஸ்காரி மாதிரி இருந்துச்சு, முடிவுல பொண்டாட்டி மாதிரி ஆயிடுச்சு." கண்ணை மூடிக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னான்: "என் தையல் மெஷினை வியாழக்கிழமை படகில் அனுப்பிவிடவும். தே. நீயே கிளம்பி வா. நீ இல்லாம சாப்பாடு இறங்கல."

அந்தப் பின்பாதி எனக்குத் தெரியும். அதே திங்கட்கிழமை காலையில் நான் தட்டச்சு செய்ததுதான். சால்மன் மீன் பண்ணையில் முக்குளிக்கிற நெல்சன், இருபத்திரண்டு வயசுப் பையன், தைகுவேயில் இருக்கும் யாஸ்னாவுக்கு அனுப்பியது. "இவோன்!" என்று நான் போட்ட சத்தத்தில் பின்கட்டில் ஏதோ கீழே விழுந்தது.

இவோன் வந்தாள், கேட்டாள், முகம் வெளுத்தாள். சாப்பாட்டைக் குறை சொல்கிற முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை.

"பூஜ்யம் வைக்கல," என்றாள்.

"எனக்குப் புரியிற மாதிரி சொல்லு."

அன்றைய செய்திகளை எழுதிவைக்கும் கரும்பலகை சுவரில் இருந்தது. அவள் சாக்பீஸை எடுத்தாள். நெல்சனின் செய்தியை ஒரே வரியாக எழுதினாள்: முதலாளி இந்த மாசமும் லீவு தரமாட்டேங்கிறார். கோபப்படாதே. நீயே கிளம்பி வா. நீ இல்லாம சாப்பாடு இறங்கல.

"பலகையோட பெட்டிக்குள்ள இருக்கிறது சி-ங்கிற கணினி மொழியில நான் எழுதினது. அந்த மொழிக்கு ஒரு குணம், ஒரு வரி எங்க முடியுதுன்னு அதுக்குத் தானாத் தெரியாது. கடைசி எழுத்துக்கு அப்புறம் ஒரு பூஜ்யம் வச்சு, இதோட சரின்னு நாமதான் சொல்லணும். ரேடியோவுல தீவு பேரு, ஆள் பேரு, செய்தி, கடைசியில சில எண்கள், எல்லாம் ஒரே நீளமா வரும். அதுலேருந்து நடுவுல இருக்கிற செய்தியை மட்டும் பெட்டி எண்ணி நகல் எடுக்கும். முழுசா எடுத்தா பூஜ்யமும் கூடவே வந்துடும். ஒரு பகுதியை மட்டும் எடுத்தா வராது, நாமளே வைக்கணும். பேருக்கு வச்சேன். செய்திக்கு வைக்க மறந்துட்டேன். புதுச் செய்தியைப் பெட்டி பழசு மேலயே எழுதும், பாருங்க."

பிறகு விரலை நனைத்து, நெல்சனின் வரியில் முதல் எழுத்தை அழித்து அங்கே ஓத்திலியாவின் முதல் எழுத்தை எழுதினாள். இரண்டாவது எழுத்தை அழித்து இரண்டாவதை எழுதினாள். ஓத்திலியாவின் செய்தி சின்னது. 'அனுப்பிவிடவும்' என்று எழுதி என் புள்ளியையும் வைத்தபோது நெல்சனின் 'கோபப்படாதே'யில் கடைசி எழுத்து மட்டும் மிச்சம் நின்றது. அதன் பின்னால் மிச்சக் காதல் முழுதும் நின்றது.

"நான்தான் புள்ளி வச்சேனே!"

"உங்க புள்ளி அதுக்கு இன்னொரு எழுத்து, அவ்வளவுதான் அக்கா."

"இங்கே சோதிச்சுப் பாக்கலியா?"

"பாத்தேனே! ஒவ்வொரு தடவையும் அணைச்சுட்டுப் புதுசாப் போட்டுப் பாத்தேன். புதுசாப் போட்டா உள்ள எல்லாமே பூஜ்யம், குறையே தெரியாது. தீவுல யாரு அணைக்கிறா?" அவள் கண் கலங்கியது. "அந்த மனுஷன் யாரோ எழுதின வார்த்தையை நம்பிக் கிளம்பி வர்றாரு. இப்பவே திருத்தச் செய்தி போடுங்க."

"போடறேன், போடறேன்," என்றேன். போடவில்லை. மணி ஒன்றாகிவிட்டது. ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எவ்வளவோ செய்தி வாசித்திருக்கிறேன், அன்றைக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆனாலும் கொடுத்த செய்தியை மறைக்க எனக்கு உரிமை இல்லை. வாசித்தேன். "தைகுவேயிலிருந்து தோன் அபெலார்தோ, தோன்யா ஓத்திலியாவுக்கு: நானே வருகிறேன். எனக்கும் இறங்கவில்லை."

நான்கு வீடு தள்ளியிருக்கும் தங்கை வீட்டிலிருந்து ஓத்திலியா குடைகூட எடுக்காமல் வந்தாள். மழையில் நனைந்து மூக்கு சிவந்திருந்தது. அல்லது கோபத்தில்.

"'எனக்கும்'னா என்ன அர்த்தம்? 'உம்' எங்கேருந்து வந்துச்சு? நீ என்ன சேத்து அனுப்பினே க்ளோரிந்தா? நான் புள்ளி வச்சு முடின்னு சொன்னேனா இல்லையா?"

நான் வாயைத் திறக்குமுன் அவள் கண் கரும்பலகைக்குப் போய்விட்டது. இவோன் எழுதியதை அழிக்க எங்களுக்குத் தோன்றவில்லை. ஓத்திலியா படித்தாள். உதடு மெல்ல அசைந்தது. தன் வரியைப் படித்தாள், 'தே'யில் தடுக்கினாள், மிச்சத்தைப் படித்தாள்.

"இது யாரோட வார்த்தை?"

"நெல்சனோடது," என்றாள் இவோன். "தப்பு என்னோடது. இவங்க ஒண்ணும் சேக்கல. மன்னிச்சுடுங்க."

"இத்தனை வயசுக்கு மேல, ஒரு முக்குளிக்கிற பையனோட கொஞ்சல் என் பேருல ஊரெல்லாம் ஓடியிருக்கு." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திருத்தம் போடு. கடைசி வரி என்னுடையது அல்ல."

தட்டச்சு செய்தேன். கையை மெதுவாகத்தான் நகர்த்தினேன். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அடுப்படியில் காலைக் காயவைத்துக்கொண்டிருந்த எலியாசரைப் பார்த்தாள்.

"அவரு படிச்சப்போ நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன் அக்கா."

"என்ன செஞ்சாரு?"

"ஒண்ணும் செய்யல. தொப்பியைக் கழட்டிட்டு நின்னாரு. நல்ல மழை. வரி சுத்திச் சுத்தி ஓடுச்சு, அவரும் சுத்திச் சுத்திப் படிச்சாரு. நடுவுல ஒரு 'தே' தனியா நிக்குதே அண்ணே, அது என்னன்னு கேட்டேன். அழுகையில வார்த்தை சிக்கியிருக்கும்டா, நீ சின்னப் பையன், உனக்குப் புரியாதுன்னாரு. எனக்கு நாப்பத்தஞ்சு வயசு அக்கா."

ஓத்திலியா எழுந்து வந்து, என் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

"விடு. நாளைக்கு வருவாரில்ல. நானே முகத்துக்கு நேரா சொல்லிக்கிறேன். மழையில தொப்பியைக் கழட்டி நின்ன மனுஷனுக்குப் பலகையில விளக்குப் போட்டு இதைச் சொல்லக்கூடாது."

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. நாங்கள் மூவரும் துறைக்குப் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் போனேன். இவோன் மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். அதே படகில் தைகுவேக்குப் போய்ப் பெட்டியைச் சரிசெய்துவிட்டுத்தான் தூங்குவேன் என்று பிடிவாதம். தன் பிழை ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கும்தான் சாப்பாடு இறங்கவில்லை. முந்தின இரவு என் மீன்குழம்பைத் தொடவேயில்லை.

படகு வந்து அணைந்தது. அபெலார்தோ கம்பளியில் சுற்றிய தையல் மெஷினைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு இறங்கினார். சவரம் செய்து, தலையைப் படிய வாரி, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டைப் போட்டிருந்தார். கோட்டுப் பொத்தான் மாட்டவில்லை. மெஷினை ஒரு மரப்பெட்டியின் மேல் வைத்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து துணி சுற்றிய பொட்டலத்தை எடுத்தார். உருளைக்கிழங்கு துருவிச் சுட்ட மில்காவோ, இன்னும் சூடு இருந்தது.

"எண்ணெய் போட்டிருக்கேன். ஊசியும் மாத்தினேன்," என்றார் மெஷினைக் காட்டி.

ஓத்திலியா பொட்டலத்தை வாங்கவில்லை. நேராக நின்று சொன்னாள். "கிழவா, நான் சொல்றதைக் கேளு. அந்தக் கடைசி வரி நான் சொன்னதில்ல. அது நெல்சன் யாஸ்னாவுக்குச் சொன்னது. பெட்டியில கோளாறு. நான் மெஷினைத்தான் கேட்டேன். நாளைக்குப் பையன்கிட்டக் கப்பல் ஏறப்போறேன்."

நான் இவோன் கையைப் பிடித்துக்கொண்டேன். இவோன் தரையைப் பார்த்தாள். அபெலார்தோவின் முகத்தைப் பார்க்க எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

"தெரியும்," என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"கப்பல் தெரியாது. அது இப்பத்தான் தெரியும்." நிறுத்தி, தொண்டையைச் செருமினார். "வரி உன்னோடது இல்லன்னு தெரியும். திங்கக்கிழமை ராத்திரி நம்பினேன். ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்கினேன். செவ்வாய்க்கிழமை நர்ஸம்மா ஊருக்குச் செய்தி போட்டாங்க. நாளைக்குத் தடுப்பூசின்னு. அது பின்னாடியும் அதே வால். வியாழக்கிழமை படகில் அனுப்பிவிடவும், தே, நீயே கிளம்பி வா, நீ இல்லாம சாப்பாடு இறங்கல. நர்ஸம்மாவுக்கு நான் இல்லாம எதுக்குச் சாப்பாடு இறங்காமப் போகணும்? துறையில யாஸ்னா நின்னுட்டிருந்தா. தாத்தா, அது என்னுதுன்னு சிரிச்சா. ஊரே சிரிச்சுது."

"ஒருத்தர்கூட எங்களுக்குச் சொல்லலியே!" என்றாள் இவோன்.

"சொன்னா நீங்க சரிபண்ணிடுவீங்களேம்மா."

ஓத்திலியா குரல் தணிந்திருந்தது. "தெரிஞ்சும் ஏன் வந்தே?"

"வான்னு யாராவது ஒரு வார்த்தை சொன்னாத்தானே வர முடியும்? குளிர்காலம் பூரா நீ சொல்லல. பெட்டி சொல்லுச்சு." தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். "அந்தப் பையன் சொன்னதைப் பாத்தப்புறம்தான், அட, எனக்கும் இதானேன்னு தோணுச்சு. எனக்கும் இறங்கல கிழவி. தட்டுல வச்சு உக்காந்தா எதிர் நாற்காலி காலி. ஜன்னல்ல பாத்தா என் படகு. எனக்கே அதைப் பாக்கப் பிடிக்கல."

நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கம் என்ன, துறையில் எல்லோரும் பார்க்க அழுதேன்.

ஓத்திலியா அழவில்லை. அவள் என்னைப்போல் இல்லை. "எங்கிட்டக் கேட்டியா நீ?" என்றாள். கோடையில் கேட்ட அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை படகில் ஏறவில்லை, பதிலுக்காக நின்றாள்.

"கேக்கல. கேட்டிருக்கணும். தப்புதான். இப்பக் கேக்கிறேன். வீட்டை எங்க வைக்கட்டும்?"

கடற்காக்கை ஒன்று மில்காவோ வாசத்துக்கு மரப்பெட்டியில் வந்து உட்கார்ந்தது. அபெலார்தோ அதை விரட்டவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓத்திலியா பொட்டலத்தை வாங்கினாள், பிரித்தாள், ஒரு வாய் கடித்தாள். மென்று முழுங்கும்வரை நாங்கள் மூச்சு விடவில்லை.

"உப்பு ஜாஸ்தி," என்றாள். இன்னொரு வாய் கடித்தாள். "ஆப்பிள் மரத்துக்குக் கீழ்ப்பக்கம். சமையல் ஜன்னல் மரத்தைப் பாத்து இருக்கணும். பழைய இடத்துக்கும் மேல. முடியுமா?"

"எருது வேணும். ஆள் வேணும்."

"விருந்து நான் போடறேன். உன் சமையலை நம்பி யார் வருவா?"

அவர் சிரித்தாரா, அழுதாரா, எனக்குச் சரியாகத் தெரியவில்லை, என் கண்ணே மறைத்தது. அவர் குனிந்து மெஷினைத் தூக்கி மறுபடி படகில் வைத்தார். "ஏத்து, இறக்கு, ஏத்து," என்று எலியாசர் முணுமுணுத்தான். ஓத்திலியா அவனை ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டான்.

"பையனுக்கு?" என்று கேட்டேன்.

"லீவுக்கு வரச் சொல்லிக்கிறேன். வந்து இழுத்த வீட்டைப் பாக்கட்டும்." அவள் என் பக்கம் திரும்பினாள். "க்ளோரிந்தா, ஒரு செய்தி எழுதிக்கோ. தைகுவே ஊருக்கு. ஞாயிறு எருதுகளோடு வாங்க. வீடு மேல போகுது."

கையில் காகிதம் இல்லை, உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். இவோன் பையைத் தூக்கிக்கொண்டு படகுப் பக்கம் நகர்ந்தாள்.

"நீ எங்க போறே?" என்றாள் ஓத்திலியா.

"பெட்டியைச் சரிபண்ண. ஒரே ஒரு வரிதான் சேக்கணும். அப்புறம் வால் வராது."

"ஞாயித்துக்கிழமை கழிச்சுப் பண்ணு."

"தெரிஞ்சே பிழையை விடச் சொல்றீங்களா?" இவோனின் குரலில் உண்மையான வலி இருந்தது. "இந்தச் செய்தி இன்னும் சின்னது. அந்த வால் அப்படியே பின்னாடி ஓடும். ஊரையே பாத்து, நீ இல்லாம சாப்பாடு இறங்கலன்னு."

"ஓடட்டுமே. வீடு இழுக்க வர்றவங்களை வேற எப்படிக் கூப்பிடறது?" பிறகு, அபெலார்தோவுக்குக் கேட்காதபடி, மெல்ல, "இன்னிக்குச் சாயங்காலம் அவரோட அந்தத் துறையில நிப்பேன். அதை நானும் ஒருதரம் அங்கே படிக்கணும். என் பேருல வந்துச்சில்ல," என்றாள்.

இவோன் பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"புள்ளி வச்சு முடிக்கட்டுமா?" என்று ஓத்திலியாவைக் கேட்டேன்.

"வேண்டாம். அப்படியே விடு."

புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் பெட்டிக்கு எல்லாம் ஒன்றுதான் என்று சொல்ல இவோன் வாயெடுத்தாள். நான் அவள் காலை நன்றாக மிதித்தேன்.